மேம்பட்ட மோட்டார்சைக்கிள் குழுவில் தொண்டாற்றுவதும் தலைமையேற்பதும்: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட், ரோஸ்பா ஆகிய இரண்டு பாதுகாப்பு அமைப்புகளின் கீழ் இயங்கும் உள்ளூர் மோட்டார்சைக்கிள் குழுக்கள் ஏறத்தாழ முழுவதும் தன்னார்வலர்களின் உழைப்பால் நடப்பவை. சாதாரண உரிமத் தேர்வுக்கு மேற்பட்ட, விருப்பத்தின் பேரில் எழும் மேம்பட்ட ஓட்டுநர் தேர்வில் தேறிய ஒருவர், தமக்குக் கிடைத்ததைப் பிறருக்கும் கொடுக்க வேண்டும் என்று கை தூக்கும்போது, எங்கே தொடங்குவது, எதற்குப் பின் எது என்பதை அவருக்கு முறையாகச் சொல்ல ஆள் இருப்பதில்லை. தெற்கு இங்கிலாந்தில் இப்படியொரு குழுவில் மார்க்கராக நின்று, கடைசி வண்டியாக ஓட்டி, பின்னர் பயணங்களை நடத்தி, அப்சர்வராகவும் பணியாற்றுகிறவன் என்ற முறையில், புதியவர்கள் தடுமாறிய இடங்களைப் பார்த்துப் பார்த்து இந்த வரிசையை எழுதுகிறேன்.

சில சொற்களை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். தேர்வுக்குத் தயாராகும் உறுப்பினரை அசோசியேட் என்பார்கள். அவருக்குப் பின்னால் வண்டியில் சென்று, கவனித்து, நிறுத்துமிடத்தில் பேசித் திருத்துகிறவர் அப்சர்வர். ரோஸ்பா குழுக்களில் இவரை டியூட்டர் என்பார்கள். குழுப் பயணத்தில் சந்திப்பில் நின்று வழி காட்டுகிறவர் மார்க்கர்.

1. முதலில் உங்கள் ஓட்டம் நிலைபெறட்டும்

தேர்வில் தேறிய மறுவாரமே அப்சர்வர் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதுதான் நான் மிகுதியாகக் காணும் பிழை. தேர்வு நாளில் நன்றாக ஓட்டுவது வேறு. பின்னால் எட்டுப் பேர் வருகிறார்கள், அடுத்த திருப்பம் எதுவென்று நினைவில் வைத்திருக்க வேண்டும், மழையும் பிடித்துவிட்டது என்ற நிலையில் அதே தரத்தில் ஓட்டுவது வேறு. தலைமைப் பொறுப்பு மனத்தின் பெரும்பகுதியைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். மீதியுள்ள பகுதியைக் கொண்டு பாதுகாப்பாக ஓட்ட வேண்டுமானால், தகவல், இடம், வேகம், கியர், முடுக்கம் என்ற ஐந்து படிகளும் நினைக்காமலே கை கால்களில் வர வேண்டும்.

ஆகவே தேறிய பிறகு ஒரு முழு ஆண்டாவது, நான்கு பருவங்களிலும் ஓட்டுங்கள். அக்டோபரில் இலை விழுந்து ஊறிய சாலையும், பிப்ரவரியில் டிராக்டர் சேறு படிந்த கிராமப்புறச் சாலையும், கோடையில் புதிதாகத் தார் தெளித்துச் சரளை கொட்டிய சாலையும் தனித்தனிப் பாடங்கள். இந்த ஓராண்டில், உங்கள் குழுவின் மூத்த அப்சர்வர் ஒருவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்னால் வரச் சொல்லி உங்கள் ஓட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரோஸ்பாவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற தரங்கள் 3 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் ஓட்டுநர் தேர்வில் தேறினால்தான் நிலைக்கும். அந்த ஏற்பாடு உங்கள் அமைப்பில் இல்லாவிட்டாலும், அதே எண்ணத்தை நீங்களே கடைப்பிடிப்பது நல்லது.

2. பொறுப்பேற்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காப்பீட்டு நிறுவனத்துடன் பேசுவது முதல் வேலை. நீங்கள் குழுவில் தன்னார்வலராக, ஊதியமின்றி, பயணம் நடத்தவோ அப்சர்வராக ஓட்டவோ போவதாகச் சொல்லி, அதற்கு உங்கள் பாலிசி இடம் தருகிறது என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். குழுவுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருந்தாலும், அது உங்கள் வண்டியின் காப்பீட்டுக்கு ஈடாகாது. தொலைபேசியில் "பரவாயில்லை" என்று யாரோ சொன்னதை நம்பிப் பல மாதம் ஓட்டியவர்களை நான் அறிவேன். கோரிக்கை எழும் நாளில் அந்தச் சொல்லுக்குச் சான்று இருக்காது.

வண்டியைப் பொறுத்தவரை, சட்டம் கேட்பதற்கு ஒரு படி மேலே நில்லுங்கள். பிரிட்டனில் 50 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார்சைக்கிள் டயரில் பள்ளத்தின் ஆழம், அகலத்தின் முக்கால் பங்கிலாவது 1 மில்லிமீட்டர் இருந்தால் சட்டப்படி போதும். ஆனால் பிறரை அழைத்துச் செல்கிறவர் 2 மில்லிமீட்டரிலேயே டயரை மாற்றிவிடுவது முறை. உங்கள் டயரைப் பார்த்துத்தான் புதியவர்கள் தங்கள் டயருக்கான அளவுகோலை அமைத்துக்கொள்கிறார்கள்.

முதலுதவிப் பயிற்சி ஒன்றை முடித்திருங்கள். கென்ட் தீயணைப்பு மீட்புப் படை தொடங்கிய பைக்கர் டவுன் என்ற வகுப்பு இப்போது பல பகுதிகளில் நடக்கிறது. விபத்து நடந்த இடத்தை எப்படிப் பாதுகாப்பது, மூச்சுக்குத் தடையிருந்தால் இருவர் சேர்ந்து தலைக்கவசத்தை எப்படிக் கழற்றுவது என்பவை மோட்டார்சைக்கிள் ஓட்டுநருக்கு என்றே அதில் கற்பிக்கப்படுகின்றன. பொது முதலுதவி வகுப்புகளில் தலைக்கவசம் பற்றி இந்த அளவுக்குப் பேச மாட்டார்கள்.

3. சிறிய வேலைகளில் தொடங்குங்கள்

ஞாயிறு காலைப் பயணம் புறப்படும் இடத்தில் பெயர்களைக் குறிப்பது, புதிதாக வந்தவரை வரவேற்று மற்றவர்களிடம் அறிமுகப்படுத்துவது, மாதக் கூட்டத்தில் நாற்காலி போடுவது, தேநீர்க் கணக்கைப் பார்ப்பது ஆகியவை சில்லறை வேலைகளாகத் தோன்றலாம். ஆனால் குழுவில் யார் எப்படிப்பட்டவர், யாருக்கு எதில் தயக்கம், எவருடைய வண்டியில் எவ்வளவு பெட்ரோல் பிடிக்கும் என்பதெல்லாம் இந்த வேலைகளின் வழியேதான் தெரிய வரும். பிறகு பயணம் நடத்தும்போது அந்த அறிவுதான் கைகொடுக்கும்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். லண்டனின் ஹாரோவிலும் குரோய்டனிலும் வசிக்கும் தமிழ் ஓட்டுநர்கள் சிலர், நன்றாக ஓட்டக்கூடியவர்களாக இருந்தும், ஆங்கிலத்தில் பலர் முன்னால் பேசத் தயங்கிப் பொறுப்பு எதையும் ஏற்காமல் பின்வரிசையிலேயே நின்றுவிடுகிறார்கள். பெயர் குறிக்கும் மேசையில் மூன்று மாதம் அமர்ந்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் கரைந்துவிடும். குழுவில் தேவைப்படுவது சுருக்கமும் தெளிவும்தான். சொல்வளத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

4. மார்க்கராக நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரும்பாலான குழுப் பயணங்கள் 'இரண்டாமவர் நிற்கும்' முறையில் நடக்கின்றன. முன்னால் செல்பவரும் கடைசியில் வருபவரும் பயணம் முழுதும் மாறுவதில்லை. வழி மாறும் சந்திப்பு வரும்போது, முன்னால் செல்பவர் கையை நீட்டி ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுவார். அப்போது அவருக்கு நேர் பின்னால் இருப்பவர் அங்கே நிறுத்தி, வருகிறவர்களுக்குத் திசை காட்ட வேண்டும். எல்லோரும் கடந்து, கடைசி வண்டி வந்ததும், அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ள வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முன்னால் செல்பவர் காட்டுவது தோராயமான இடம். சரியான இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மார்க்கருடையது. பின்னால் வருகிறவர், வேகத்தைக் குறைத்துத் தம் பாதையை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும் தொலைவிலேயே உங்களைப் பார்த்துவிட வேண்டும். அதே சமயம் வளைவுக்குள்ளோ, ஒருவர் வீட்டு வாசலிலோ, பிற வாகனங்களின் பார்வையை மறைக்கும்படியோ நிற்கக் கூடாது. பாதுகாப்பான இடம் இல்லையென்றால் சற்றுத் தள்ளிப்போய் நில்லுங்கள். மோட்டார்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலையில் எக்காரணம் கொண்டும் மார்க்கர் நிறுத்தப்படக் கூடாது.

சிறிய ரவுண்டானாவில், வெளியேறும் பாதையின் தொடக்கத்தில் நிற்பது தெளிவு. நுழைவில் நின்று கையை நீட்டினால், அது இரண்டாவது வெளியேற்றமா மூன்றாவதா என்று வருகிறவருக்குப் புரியாது. பல தடங்கள் கொண்ட பெரிய ரவுண்டானாக்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைப் புறப்படும் முன்பே பயணத் தலைவர் சொல்லியிருக்க வேண்டும்.

விதிகளில் எல்லாம் முதன்மையானது இது: கடைசி வண்டி வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. 5 நிமிடமானாலும் 20 நிமிடமானாலும் நிற்க வேண்டும். எங்கள் பயணம் ஒன்றில், ஏ272 சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில் நின்றிருந்த புதியவர், 10 நிமிடம் யாரும் வராததால் எல்லோரும் போய்விட்டார்கள் என்று எண்ணி வண்டியைக் கிளப்பிவிட்டார். உண்மையில் பின்னால் ஒருவருடைய பக்கப்பெட்டி கழன்று, கடைசி வண்டி அவருடன் நின்றிருந்தது. அதன்பின் வந்த மூவரும் திருப்பத்தைத் தாண்டி நேரே போய்விட்டார்கள். அவர்களைத் தேடிச் சேர்க்க ஒரு மணி நேரமாயிற்று. அந்தப் புதியவர் மீது குறை சொல்ல எதுவுமில்லை. "எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள், உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டோம், நீங்கள் காணாவிட்டால் நாங்கள் திரும்பி வருவது அந்த இடத்துக்குத்தான்" என்று அவருக்கு யாரும் காரணத்தோடு சொல்லியிருக்கவில்லை. காரணம் தெரிந்த விதியைத்தான் தனியாக நிற்கும் மனிதர் கடைப்பிடிப்பார்.

5. கடைசி வண்டியை ஏற்றுக்கொள்ளுங்கள்

முன்னால் செல்லும் பொறுப்புக்கு முன், குறைந்தது நான்கைந்து பயணங்களில் கடைசி வண்டியாக ஓட்டிப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நல்ல தலைவர்களாக வருவது அரிது என்பது என் உறுதியான கருத்து. முன்னால் இருப்பவர் செய்யும் ஒவ்வொரு செயலின் விளைவும் கடைசியில்தான் வந்து சேரும். சந்திப்பில் அவர் சற்று அவசரப்பட்டால், கடைசி ஆள் இரண்டு மடங்கு அவசரப்படுவதை இங்கிருந்துதான் காண முடியும்.

கடைசியில் வருபவரை எல்லோருக்கும் அடையாளம் தெரிய வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி போதாது. குழுவில் பாதிப்பேர் அதைத்தான் அணிந்திருப்பார்கள். வண்டியின் நிறம், மாதிரி, முன்விளக்கின் அமைப்பு ஆகியவற்றைப் புறப்படும் முன் எல்லோரும் நேரில் வந்து பார்க்கும்படி செய்யுங்கள். மார்க்கருக்கு உங்கள் முன்விளக்குத்தான் முதலில் தெரியும்.

மார்க்கரை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, அவர் பாதுகாப்பாகச் சாலைக்குள் வர இடம் விடுங்கள். பின்னால் கார்கள் நெருங்கி வந்து அவரால் சேர முடியாவிட்டால், அடுத்த பாதுகாப்பான இடத்தில் நீங்கள் நின்று அவரை முன்னே விடுங்கள். அவரை அவசரப்படுத்தும் கையசைப்பு வேண்டாம். பின்புறக் கண்ணாடியையும் தோள் மேலாகவும் அவரே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பெரிய கருவிப் பெட்டி தேவையில்லை. டயர் பஞ்சர் ஒட்டும் சாதனம், சிறிய காற்றடிப்பான், முதலுதவிப் பை, சார்ஜ் நிறைந்த கைபேசி, அன்று வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஆகியவை இருந்தால் போதும்.

6. பாதையை வகுத்து, நீங்களே ஓட்டிப் பாருங்கள்

வரைபடத்தில் அழகாக வளையும் சாலை, பயணத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பயணத்துக்கு முந்தைய வாரத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. சனிக்கிழமை சந்தை கூடும் ஊரின் நடுவே பன்னிரண்டு வண்டிகளைக் கொண்டுபோய்ச் சிக்குவதும், சாலைப் பணிக்காக மூடிய பாதைக்கு முன்னால் நின்று விழிப்பதும் இதனால் தவிர்க்கப்படும்.

ஓட்டிப் பார்க்கும்போது எத்தனை மார்க்கர்கள் தேவைப்படும் என்று எண்ணிக்கொண்டே போங்கள். இது பலரும் மறக்கும் கணக்கு. 12 வண்டிகள் என்றால், முதலும் கடைசியும் போக 10 பேரைத்தான் நிறுத்த முடியும். பீட்டர்ஸ்ஃபீல்ட் போன்ற ஊருக்குள் அடுத்தடுத்துச் சந்திப்புகள் வரும்போது, நிறுத்தியவர்கள் திரும்பி வந்து சேரும் முன்பே உங்களுக்குப் பின்னால் ஆள் தீர்ந்துவிடலாம். அத்தகைய இடத்தைக் கடந்தவுடன், எல்லோரும் ஒதுங்கக்கூடிய நிறுத்துமிடம் ஒன்றை முன்கூட்டியே குறித்து வைத்து, அங்கே காத்திருந்து மீண்டும் புறப்படுங்கள்.

எரிபொருள் நிறுத்தம் குழுவிலேயே மிகச் சிறிய டாங்க் உள்ள வண்டியை வைத்து முடிவு செய்யப்பட வேண்டும். நான் நடத்திய முதல் பயணத்தில், என் வண்டி 200 மைலுக்கு மேல் ஓடும் என்பதால் 110 மைல் வரை நிறுத்தமே வைக்கவில்லை. 90 மைலில் எரிபொருள் எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டி ஒன்று வந்திருந்தது. அதன் உரிமையாளர் வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசி 20 மைலை அச்சத்துடன் ஓட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு, "யாருடைய வண்டி குறைவாக ஓடும்?" என்று கேட்காமல் நான் புறப்பட்டதில்லை.

7. புறப்படும் முன் பேசுங்கள்

எல்லோரும் இன்ஜினை நிறுத்தி, தலைக்கவசம் அணியும் முன், வட்டமாக நிற்கும்போது பேசுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் கேட்பதில்லை. முதலில் பாதையையும் நிறுத்தங்களையும் சொல்லுங்கள். அடுத்து, அன்று சாலையில் உள்ள குறிப்பான ஆபத்துகளைச் சொல்லுங்கள்: எந்த ஊருக்கு அப்பால் சேறு இருக்கிறது, எங்கே புதுச் சரளை கொட்டியிருக்கிறார்கள் என்பன. பிறகு மார்க்கர் முறையை விளக்குங்கள். "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று இதை விட்டுவிடும் நாளில்தான், தெரியாத ஒருவர் கூட்டத்தில் நிற்பார். எனவே முறையை முழுமையாகச் சொல்லி, புதியவர் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வது என் வழக்கம். அவரை முன்பே தனியாகக் கேட்டு இசைவு பெற்றுவிடுவேன், பலர் முன்னால் அவர் திணறக் கூடாது.

கடைசியாக, ஒவ்வொருவரும் தம் ஓட்டத்துக்குத் தாமே பொறுப்பு என்பதையும், வேக வரம்பு முந்தும்போதும் வரம்புதான் என்பதையும், முன்னால் உள்ளவர் முந்திவிட்டார் என்பதற்காக யாரும் முந்த வேண்டியதில்லை என்பதையும் அழுத்தமாகச் சொல்லுங்கள். முன்னவருக்கு இருந்த இடைவெளி பின்னவருக்கு இருக்காது.

ஒரு நுட்பத்தையும் நினைவில் வையுங்கள். இரண்டாமவர் நிற்கும் முறையில் வரிசை ஓயாமல் மாறும். அஞ்சும் புதியவரை உங்கள் பின்னாலேயே வைத்துக்கொள்ள முடியாது, அவரும் ஒரு கட்டத்தில் தனியாக நிற்க வேண்டியவராவார். அத்தகையவர்கள் இருவர் மூவர் இருந்தால், குழுவை ஆறு பேராகச் சுருக்கி, ஒவ்வொருவரும் தம் பின்னால் வருபவருக்காகச் சந்திப்பில் காத்திருக்கும் முறையைக் கையாளுங்கள். இம்முறை மெதுவானது; ஆனால் யாரும் தனியாக விடப்பட மாட்டார்கள்.

8. முன்னால் செல்லும்போது

இங்கே ஒரே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். 11 வண்டிகள் 2 விநாடி இடைவெளியில் வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே 20 விநாடி. மணிக்கு 30 மைல் வரம்புள்ள ஊருக்குள் இது ஏறத்தாழ 270 மீட்டர். ஊர் எல்லையைத் தாண்டி, மணிக்கு 60 மைல் வரம்புள்ள சாலையில் எல்லோரும் சேர்ந்த பிறகு, அதே 20 விநாடி 540 மீட்டராகிவிடும். யாரும் பின்தங்கவில்லை, தொலைவு மட்டும் இரட்டித்திருக்கிறது.

ஆனால் ஊருக்குள் இன்னும் 30 மைல் வேகத்தில் வந்துகொண்டிருக்கும் கடைசி ஆளின் கண்ணுக்கு, முன்னால் உள்ளவர்கள் ஓடி மறைவதுபோல் தெரியும். எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் அவர் ஊருக்குள்ளேயே முடுக்குவார். குழுப் பயணங்களில் வேக வரம்பு மீறப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே வரம்பு மாறும் பலகையைத் தாண்டியதும் உடனே முழு வேகத்துக்குப் போகாமல், 45 அல்லது 50 மைலில் கால் நிமிடம் செல்லுங்கள். கண்ணாடியில் விளக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்த பிறகு வேகத்தை உயர்த்துங்கள். இடைவெளி விரிவது இயல்பு என்பதையும், மார்க்கர் காத்திருப்பார் என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவிட்டால், பின்னால் உள்ளவர்களுக்குத் துரத்த வேண்டிய தேவையே இராது.

மெதுவான லாரியை முந்தும்போதும் இதே எண்ணம் வேண்டும். முந்திய பின் உங்களுக்குப் பின்னால் வருபவர் திரும்பி உள்ளே வர இடம் விட்டுச் செல்லுங்கள். லாரிக்கு முன்னால் நீங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால், உங்களை நம்பி வந்தவர் எதிர்த்திசைத் தடத்தில் மாட்டிக்கொள்வார்.

மார்க்கரை நிறுத்தும் இடத்தைக் கடைசி நொடியில் காட்டாதீர்கள். சந்திப்புக்கு முன்பே இன்டிகேட்டரைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடத்தைத் தெளிவாகச் சுட்டி, அவர் தலையசைப்பதைக் கண்ணாடியில் பார்த்த பிறகே நகருங்கள்.

9. விபத்தோ பழுதோ நேர்ந்தால்

யார் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே பிரித்துவிட வேண்டும். இடத்தில் இருக்கும் மூத்தவர் பொறுப்பேற்பார். ஒருவர் பின்னால் போய் வரும் வாகனங்களை எச்சரிப்பார். ஒருவர் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைப்பார். மற்றவர்கள் தங்கள் வண்டிகளைச் சாலையை விட்டு அப்புறப்படுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். பத்துப் பேர் சூழ்ந்து நிற்பது அடிபட்டவருக்கு உதவியாகாது. இரண்டாவது விபத்துக்கு வழி செய்யும்.

அவசரத் தொடர்பு எண்களை ஒவ்வொருவரும் தம் மேலங்கியின் உள்பையில் உறையிட்டு வைத்திருக்கச் செய்யுங்கள். எல்லோருடைய மருத்துவ விவரங்களையும் நீங்கள் திரட்டிக் கைபேசியில் வைத்துக்கொள்வது தனியுரிமைச் சட்டத்தின்படி சிக்கலானது. உறையோ, தேவைப்பட்டால் மட்டுமே திறக்கப்படும்.

10. அப்சர்வராக வளருங்கள்

ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட்டில் உள்ளூர் அப்சர்வர், தேசிய அப்சர்வர் என இரு நிலைகள் உண்டு, இரண்டுக்கும் ஐ.எம்.ஐ. எனப்படும் மோட்டார் தொழில் நிறுவனத்தின் தகுதிச் சான்று வழங்கப்படுகிறது. முதலில், அனுபவமுள்ள அப்சர்வர் ஒருவருடன் மூன்றாமவராகச் சென்று கவனிப்பதில் தொடங்குங்கள். பிறகு மூத்த அப்சர்வர் ஒருவர் அசோசியேட்டாக நடித்துத் தெரிந்தே பிழை செய்ய, நீங்கள் கண்டுபிடித்துப் பேசிப் பழகுங்கள். உண்மையான அசோசியேட் கடைசியில்தான்.

ஒவ்வொரு பயிற்சி ஓட்டத்துக்கும் ஒரே ஒழுங்கு வேண்டும். உரிமம், காப்பீடு, தேவையான வயதுடைய வண்டியானால் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். 20 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு காரின் எண்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல், எண்ணெய், குளிர்விக்கும் நீர், சேதம், விளக்குகள், டயர்கள் என்று வண்டியை அவரையே சரிபார்க்கச் செய்து, கடைசியாக "இன்று நீங்கள் ஓட்டும் நிலையில் இருக்கிறீர்களா?" என்ற கேள்வியுடன் முடியுங்கள். தூக்கம் கெட்ட ஒருவர் உண்மையைச் சொல்ல இந்தக் கேள்வி வாய்ப்பளிக்கிறது.

வழியை நீங்கள் பின்னாலிருந்து இன்டிகேட்டரால் காட்டுவீர்கள் என்றும், நீங்கள் கண்ணில் படாவிட்டால் அவர் சாலை போன போக்கில் நேரே சென்று பாதுகாப்பான இடத்தில் நிற்கலாம் என்றும், உங்கள் சைகை பாதுகாப்பாகத் தோன்றாவிட்டால் அதைப் புறக்கணிக்கலாம் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். ஓட்டத்தின் பொறுப்பு எந்த நிலையிலும் அவருடையதே. நீங்கள் நெருங்கிப் பின்தொடர்ந்தால், கண்ணாடியில் உங்கள் விளக்கைப் பார்க்கும் அசோசியேட் தம்மை அறியாமலே வேகத்தைக் கூட்டுவார். அவருடைய இயல்பான ஓட்டத்தைக் காண விரும்பினால் தள்ளியே வாருங்கள்.

புதிய அப்சர்வர்களின் பெரும் பிழை, கண்ட குறைகள் அனைத்தையும் முதல் நிறுத்தத்திலேயே கொட்டிவிடுவது. ஒன்பது குறைகளைக் கேட்டவர் அடுத்த பத்து மைலை ஒன்பதையும் நினைத்துக்கொண்டு ஓட்டுவார். முன்பைவிட மோசமாகத்தான் ஓட்டுவார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சினால் இரண்டு. பாதுகாப்பைத் தொடுவது முதலில், நேர்த்தி பிறகு.

ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். பெட்வொர்த்துக்கும் மிட்ஹர்ஸ்டுக்கும் இடையே ஏ272-இல் ஓர் அசோசியேட், இடப்பக்க வளைவுகளில் எல்லாம் சாலையின் இடது ஓரத்தை ஒட்டியே சென்றார். வேகமும் கியரும் சரி. ஆனால் வளைவுக்குள் நுழைந்த பிறகு ஒவ்வொரு முறையும் பிரேக் விளக்கு ஒருமுறை மின்னியது. "வலப்பக்கம் தள்ளி ஓட்டுங்கள்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு மட்டும் செய்திருப்பார். நிறுத்துமிடத்தில், "அந்தக் கடைசி வளைவில் சாலையின் இரு ஓரங்களும் உங்கள் கண்ணுக்கு எங்கே ஒன்று சேர்ந்தன?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "வேலிக்குப் பக்கத்தில், மிக அருகில்" என்றார். "அதைத் தள்ளிப்போடச் சாலையில் உங்களுக்கு இடம் இருந்ததா?" என்றேன். அவர் காலால் மண்ணில் ஒரு கோடு போட்டுப் பார்த்து, மையக்கோட்டுப் பக்கம் விரலைக் காட்டினார். அடுத்த ஆறு மைலில், எதிரே வண்டி வரும்போது மட்டும் உள்ளே ஒதுங்கி, மற்ற நேரங்களில் அகலமாகச் சென்றார்; பிரேக் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. பார்வைக்காக இடம் மாறும்போதும் பாதுகாப்பு முதல், வண்டியின் நிலைத்தன்மை அடுத்து, பார்வை அதன்பின் என்ற வரிசை மாறாது என்பதை அதே நிறுத்தத்தில் சேர்த்துச் சொன்னேன். இல்லையென்றால் சிலர் பார்வைக்காக மையக்கோட்டின் மேலேயே போய்விடுகிறார்கள்.

இன்டர்காம் வைத்திருந்தால் வளைவுக்குள் பேசாதீர்கள். ஓட்டம் முடிந்த அன்றே அறிக்கையை எழுதுங்கள். மறுநாள் எழுதினால், நடந்தது பாதியும் நாம் நினைத்துக்கொண்டது பாதியுமாகிவிடும். அடுத்து வேறு அப்சர்வர் அவருடன் போகக்கூடும் என்பதால், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எதை அடுத்த முறைக்கு விட்டுவைத்தீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

11. நிர்வாகக் குழுவில் இடம் பெறும் முன்

தலைவர், செயலாளர், பொருளாளர், தலைமை அப்சர்வர் ஆகியவை வழக்கமான பொறுப்புகள். உள்ளூர்க் குழு பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால், நிர்வாகக் குழுவில் சேர்கிறவர் சட்டப்படி அறங்காவலராகிறார். கூட்டத்துக்கு வராமல் இருப்பதாலோ, கணக்கைப் படிக்காமல் கையெழுத்திடுவதாலோ பொறுப்பு நீங்காது. எனவே இசைவு தரும் முன் குழுவின் விதிமுறைகள், சென்ற ஆண்டுக் கணக்கு, கடைசி மூன்று கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரத் தயங்கும் குழுவில் சேரத் தயங்குங்கள்.

வங்கிக் கணக்கில் இருவர் ஒப்புதல் இருக்க வேண்டும். செலவைத் திரும்பப் பெறும் விதி எழுத்தில் இருக்க வேண்டும். அப்சர்வருக்கு அசோசியேட் பெட்ரோலுக்கென ஏதேனும் தருவது வழக்கமாக இருந்தால், அந்தத் தொகை எல்லோருக்கும் ஒன்றாகவும் முன்கூட்டி அறிவிக்கப்பட்டதாகவும் இருக்கட்டும். சிறு தொகைதான் என்று விட்ட இடத்தில்தான் மனத்தாங்கல் முளைக்கிறது.

தலைமை அப்சர்வர் பொறுப்பு மிகக் கடினமானது. நெடுங்கால நண்பராகிய ஒரு மூத்த அப்சர்வரின் ஓட்டம் தளர்ந்துவிட்டதை அவரிடம் சொல்ல வேண்டியவர் இவர்தான். அதைத் தனியாக, நேரில், ஓர் ஓட்டத்துக்குப் பிறகு, கண்ட காட்சிகளைக் கொண்டு மட்டும் பேசுங்கள். அவர் செய்யக்கூடிய வேறு பணி ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்: பாதை வகுப்பது, புதிய மார்க்கர்களுக்குப் பயிற்சி தருவது, கோட்பாட்டு வகுப்பு எடுப்பது என அவருடைய அறிவு பயன்படும் இடங்கள் பல உண்டு.

12. அடுத்தவரைத் தயார் செய்யுங்கள்

பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே, உங்களுக்குப் பின் அதைச் செய்யக்கூடியவர் யார் என்று பார்க்கத் தொடங்குங்கள். உங்கள் பாதைக் குறிப்புகளில், மார்க்கர் நிற்கும் இடங்களையும் எரிபொருள் நிலையங்களையும் பிறர் படித்து நடத்தும்படி எழுதி வையுங்கள். ஆண்டில் இரண்டு பயணங்களையாவது, புதியவர் ஒருவர் முன்னால் செல்ல, நீங்கள் கடைசி வண்டியாக வந்து நடத்துங்கள். அன்று அவர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டாலும் முந்திச் சென்று திருத்தாதீர்கள். அடுத்த நிறுத்தத்தில் அவரே வரைபடத்தை விரித்து வழி கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். மாலையில் திரும்பியதும், கடைசியிலிருந்து நீங்கள் கண்டதை அவருக்குச் சொல்லுங்கள்: ஊர் எல்லையில் இடைவெளி எப்படி விரிந்தது, எந்த மார்க்கர் நெடுநேரம் நின்றார், யார் களைத்திருந்தார் என்று. முன்னால் சென்றவருக்குத் தெரிய வழியில்லாத செய்திகள் அவை.